மறைவு: தேதி குறிக்கப்படவில்லை

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போனால் அச்சகத்தில் முதலில் கேட்பது இரண்டு தேதிகளைத்தான். தோற்றம், மறைவு. போட்டோவெல்லாம் அப்புறம். நான் எழுதுவதும் ஓர் அஞ்சலி என்பதால் முறைப்படி அந்த இரண்டையும் போட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று பார்த்தேன். தோற்றத்தில் சிக்கல் இல்லை. 1994, சேலம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 350 சிசி புல்லட். மறைவுக்கு எதிரில் எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. செத்தது வண்டி இல்லை. அது வேறொருவர் வீட்டு வாசலில் நன்றாகவே நிற்கிறது. நானும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி, ஏதாவது ஒரு மலையில் ஏறி இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஒரு பழக்கம் செத்துப்போயிற்று. பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். எங்கள் அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் ‘கிரகம்’.

மனிதர் போனால் வாசலில் பந்தல் போட்டு நாற்காலி இறக்குவார்கள். பொழுதுபோக்கு போனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். “நல்லதாப் போச்சுங்க, இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்கு” என்றார் எதிர்வீட்டுக்காரர். “சனியன் தொலைஞ்சுது” என்று அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பல வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். என்ன போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

காலமானவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புல்லட் என்ற பெயர் 1932லேயே இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்துவிட்டது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940களின் கடைசியில் வந்தது. அன்றைக்கு ஓடிய மோட்டார்சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பூட்டியிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக முதுகுக்கு. சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் மட்டும்தான் காப்பு. புல்லட்டிலோ பின்சக்கரத்தைக் கீல் வைத்து ஏறி இறங்க விட்டு, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சொகுசு. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியை நூற்றுக்கணக்கில் வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் வண்டி தயாராக ஆரம்பித்தது. ரெட்டிச் தொழிற்சாலையை 1967இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூர் நிறுத்தவில்லை. ஓட்டுகிறவரின் முதுகை நினைத்து உருவான வண்டி என்று இதைச் சொன்னால், என் கதையைக் கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.

என்னுடையது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். 346 சிசி, நூற்றறுபது கிலோவுக்கு மேல் எடை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற எல்லா வண்டிக்கும் நேர்மாறு. ஃபர்ஸ்ட் கியருக்கு லீவரைக் கால்விரலால் மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அமுக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நின்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, லீவரை விட்டு, ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் வீரத்தைக் காட்டி மிதித்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் போனவர்கள் உண்டு.

சேலத்துக்காரனுக்கு ஏற்காடு கொல்லைப்புறம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், காலைக் காபிக்குப் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது கொல்லிமலை. ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போனால், அங்கிருந்து 70 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கும். நாற்பதைத் தாண்டியதும் காற்று மாறும். சோளக்காட்டில் இறங்கி டீ குடிக்கும்போது தோளும் முழங்காலும் தனித்தனியாக வணக்கம் சொல்லும். திரும்பும்போது அன்னாசியோ மிளகோ வாங்கி சைடு பாக்ஸில் போட்டுக்கொண்டால் வீட்டில் வரவேற்பு கொஞ்சம் சுமுகமாக இருக்கும்.

வளைவில் வண்டியைத் திருப்புவது கை என்று ஓட்டாதவர்கள் நினைக்கிறார்கள். கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். திருப்புவது இடுப்பு. கண் வளைவின் கடைசியைத் தேடும்போதே இடுப்பு அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். வெளிப்பக்கத்து ஃபுட்ரெஸ்டில் கால் தானாக அழுந்தும். செகண்ட் கியரில் எஞ்சின் கட்டி இழுக்கும், உடம்பும் இரும்பும் சேர்ந்து சுற்றி வந்து நிமிரும். மழை வடிந்த மறுநாள் ரோட்டில் மண் பரவிக் கிடந்தால் பின்டயர் ஒரு விரற்கடை வழுக்கும். கண் அதைப் பார்ப்பதற்குள் உட்கார்ந்த இடத்துக்குச் செய்தி வந்துவிடும், உடம்பு சரிசெய்துவிடும். மூளைக்குத் தெரியாமலே நடக்கிற காரியம் அது. நான் அஞ்சலி செலுத்துவது அந்த இடுப்பின் புத்திக்குத்தான். வேகத்துக்காகவோ சத்தத்துக்காகவோ நான் ஓட்டியதில்லை. படபடவென்ற சத்தத்துக்காகவே புல்லட் வாங்கி, சைலன்சரைப் பிடுங்கி ஊரை எழுப்புகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

எழவு வீட்டில் அடுத்த கேள்வி, “எப்படி ஆச்சு?” லாரியா, நாயா, வழுக்கி விழுந்ததா என்று எதிர்பார்ப்போடு கேட்பார்கள். ஒருமுறை கொல்லிமலையில் சருகு மூடிய வளைவில் வண்டி சாய்ந்து, நான் முதுகெலும்பின் அடிமுனை தரையில் மோத உட்கார்ந்தது உண்மைதான். சில வாரம் தலையணை வைத்து உட்கார்ந்தேன், சரியாயிற்று. முடித்துவைத்தது அது இல்லை. வருஷங்கள் கழித்து, வீட்டு வாசலில், எஞ்சின் அணைந்த வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போது இடுப்பில் ‘டக்’ என்றது. அவ்வளவுதான். இதைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். மலையில் உருண்டிருந்தால் கதைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து வலி இடுப்பை விட்டு இறங்கியது. வலது புட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம், கடைசியில் கால் கட்டைவிரல். மின்சாரக் கம்பியைத் தொட்ட மாதிரி ஒரு கோடு. தும்மினால் கோடு முழுக்க எரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி வலப்பக்க நரம்பு வேரை அழுத்துகிறது என்று ரிப்போர்ட். ஊரில் இதைத்தான் ஜவ்வு விலகிவிட்டது என்பார்கள். உண்மையில் எதுவும் விலகுவதில்லை. இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டின் வெளிப்புற நார் வளையம் கிழிந்து, உள்ளேயிருக்கும் கூழ் பிதுங்குகிறது. நரம்பு பக்கத்திலேயே போகிறது. இந்தக் கால்வலிக்கு இதுதான் காரணம் என்று 1934இல்தான் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் வாதக் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை முட்டி மடக்காமல் மெல்லத் தூக்கினார். பாதி உயரத்தில் கோடு எரிந்தது. பிறகு, “கட்டைவிரலை மேல தூக்குங்க, நான் அமுக்குறேன், விடாதீங்க” என்றார். இடது விரல் அவர் கையோடு மல்லுக்கு நின்றது. வலது விரல் சண்டை போடாமலே படுத்துவிட்டது. “எல்5 நரம்பு. வீக்கா இருக்கு” என்று எழுதிக்கொண்டார். அந்த விரலால்தான் நான் ஃபர்ஸ்ட் கியரைத் தூக்குகிறேன், அந்தக் காலால்தான் கிக்கரை மிதிக்கிறேன் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, “என்ன வண்டி?” என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை நோயாளி என்பதைத் தாண்டிக் கேட்ட ஒரே கேள்வி அது.

பழியை எங்கே போடுவது என்று நிறைய நாள் யோசித்திருக்கிறேன். எல்லாரும் புல்லட்டின் அதிர்வைச் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மூவாயிரம் ஆர்.பி.எம்.மில் எஞ்சின் நொடிக்கு ஐம்பது முறை சுற்றுகிறது. அவ்வளவு வேகமான நடுக்கம் கைப்பிடி வழியாக விரல்களை மரத்துப்போக வைக்கும். முதுகுத்தண்டு வரை போவதற்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். உட்கார்ந்திருக்கிற மனித உடம்பு அதிகமாகத் துள்ளுவது நொடிக்கு நாலைந்து முறை மேலும் கீழுமாக வரும் மெதுவான குலுக்கலில். அதை எஞ்சின் தருவதில்லை, ரோடுதான் தருகிறது. ஒட்டுப் போட்ட தார், பாலத்தின் விளிம்பு, முக்கியமாக வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988லேயே வேகத்தடைக்கு அளவு சொல்லிவிட்டது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. நம் ஊர்களில் விபத்து நடந்த மறுநாள் கோபத்தில் கொட்டிய தார்க்குவியல்தான் வேகத்தடை. உயரம் இருக்கும், அகலம் இருக்காது. அது கண்ணில் பட்டதும் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலில் அடியை வாங்கிக்கொள்கிறவர் முதுகைக் காப்பாற்றுகிறார். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை இருட்டில் சொல்லிவிட்டா வரும்?

உட்காருவதே பாவம் என்றும் ஒரு கட்சி உண்டு. சுவீடனின் அல்ஃப் நாகெம்சன் 1960களிலிருந்து உயிரோடு இருக்கிற ஆட்களின் டிஸ்க்கில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிற்கும்போது 100 என்று வைத்தால் உட்காரும்போது 140, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185 என்று அவர் கணக்கு. பிறகு 1999இல் ஜெர்மனியில் அளந்தவர்களுக்கு, தளர்வாக உட்காருவது நிற்பதைவிட மோசமாகத் தெரியவில்லை. விஞ்ஞானமே ஒரு முடிவுக்கு வராத இடத்தில் நான் என் சீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. முக்கால்வாசிப் பேருக்குக் கத்தி வைக்காமலே சில வாரங்களில், சில மாதங்களில் தணிந்துவிடும். பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓட வேண்டும், அது வேறு அவசரம். எனக்கு அது வரவில்லை. படுத்தே கிடக்காதீர்கள், நடங்கள் என்றார்கள். நடந்தேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றையும் முதுகையும் இறுக்கும் பயிற்சிகளைக் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்தேன். விரலுக்குப் பலம் மெல்லத் திரும்பியது. முழுசாக இல்லை.

அப்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. “இனிமே ஓட்டலாமா டாக்டர்?” என்று கேட்டேன். “ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஓட்டுங்கன்னும் சொல்ல மாட்டேன். உங்க முதுகு சொல்லும்” என்றார். நேர்மையான பதில். இன்றைய வைத்தியம் அப்படித்தான் பேசும். எம்.ஆர்.ஐ.யைக் காட்டிக் கேட்டால் அதுவும் சாட்சி சொல்லாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளையெல்லாம் 2015இல் ஒருவர் கூட்டிப் பார்த்ததில், இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் வீங்கியிருந்தது, எண்பது வயதில் 84 பேருக்கு. படத்தில் பழுது இருப்பது ஒன்று, வலி இருப்பது வேறொன்று. ஆகவே டாக்டரும் கையெழுத்துப் போடவில்லை, படமும் போடவில்லை.

தடை போட்டிருந்தால் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன், பழகியிருக்கும். தடை இல்லாததால் நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. மழை விடட்டும், பொங்கல் முடியட்டும், இந்தக் கோடை போகட்டும். கல்யாணம் நின்றுபோன வீட்டில் அச்சடித்த பத்திரிகைக் கட்டைக் கொடுக்கவும் முடியாமல் எரிக்கவும் முடியாமல் பரண்மேல் வைத்திருப்பார்களே, அப்படி வண்டி போர்ட்டிகோவில் நின்றது. “நின்னா செத்துரும் சார், வாரம் ஒருக்காவாச்சும் ஸ்டார்ட் பண்ணிருங்க” என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். என் கால் கிக்கரை மிதிக்காது என்பதால் அவர் கடைப் பையன் வந்து மிதித்துவிட்டுப் போவான். எஞ்சின் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தில், “சாருக்குச் சரியாயிருச்சு போல” என்பார்கள். நான் திண்ணையில் நின்றுகொண்டிருப்பேன்.

வலி இல்லாத நாட்கள்தான் ஆபத்தானவை. அப்படி ஒரு நாளில் கடைத்தெரு வரை போய்வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் ஏற்காடு அடிவாரம் வரை. வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் வலது கட்டைவிரல் ஃபர்ஸ்ட் கியரைத் தூக்கத் தடுமாறியது, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. உடம்பு அதுவாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை இப்போது மூளை ஒவ்வொன்றாகக் கட்டளை போட்டுச் செய்யவேண்டியிருந்தது. வேகத்தடை வருகிறதா, வயிற்றை இறுக்கு, எழுந்திரு, உட்கார். ரோட்டையோ மரத்தையோ பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். முதல் வளைவில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் செத்ததா என்று கேட்டால், இல்லை. அதற்குப் பிறகும் பல மாதம் பரண்மேல்தான் இருந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களின் பட்டியல் பெரியது. “அஜித்துக்கு முதுகுல ஆபரேஷன் ஆகலையா? அவர் உலகம் பூரா பைக்ல சுத்தலையா?” என்று எனக்கு மூன்று தலைமுறையைச் சேர்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகியிருக்கிறது, ஒன்றுக்கு மேல். சுற்றுகிறார், காரில் ரேஸும் ஓட்டுகிறார். அவருடைய பிழைப்பே உடம்பைத் தயார்செய்து வைத்திருப்பது. எனக்கு அலுவலகத்தில் எட்டு மணிநேரம் நாற்காலி. இன்னொருவர் வெய்ன் ரெய்னியின் வீடியோவை அனுப்பினார். 1990, 91, 92 என்று தொடர்ந்து மூன்று வருஷம் 500 சிசி உலக சாம்பியனாக இருந்த அமெரிக்கர். 1993இல் இத்தாலியின் மிசானோவில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. கையாலேயே ஓட்டும்படி செய்த கோ-கார்ட்டில் பிறகும் ரேஸ் ஓட்டினார். 2019இல் ஜப்பானின் சுசூகாவில், கியரைக் கையில் மாற்றும்படி அமைத்த யமாஹாவில் அவரை உட்கார வைத்து, கால்களைப் பொருத்திவிட்டு, தள்ளி ஓடவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் கழித்து. அந்த வீடியோவைப் பார்த்துக் கண் கலங்காத ரைடர் இருக்க மாட்டார். நானும் கலங்கினேன். ஆனால் ஒரு டிஸ்க் பிதுங்கினவனுக்கு அந்தப் படத்தை அனுப்புவது ஆறுதல் இல்லை, அது ஒரு மாதிரி திட்டு. அந்த மனிதராலேயே முடியும்போது உனக்கென்ன என்று கேட்கிற திட்டு.

மாற்று யோசனைகளும் வந்தன. ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். சின்னச் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் முழுசாக விழும். கால் முன்னால் இருப்பதால் எழுந்து நிற்கவும் வராது. வேகத்தடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சு மட்டும். காலை நீட்டி உட்காருகிற க்ரூஸர் வண்டிகளும் அதே கதைதான், பார்க்கத்தான் சொகுசு. சைடு கார் பூட்டலாம் என்றார் ஒரு நண்பர். சைடு கார் பூட்டிய வண்டி வளைவில் சாயாது. இடுப்புக்கு வேலை இல்லாத வண்டியில் எனக்கு என்ன வேலை?

சொல்லாமல் விட முடியாத ஒன்று. இதே சேலத்து ரோட்டில், இதே வேகத்தடைகளில், முதுகில் பெரிய பையோடு பகல் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களைப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவனுக்கு எல்4-எல்5 போனால் அவன் இரங்கல் எழுத மாட்டான், அந்த மாத வாடகைக்கு வழி தேடுவான். பஸ் டிரைவர்கள் காலங்காலமாக இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஓட்டுவதை நிறுத்தலாமா என்று யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. அது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். தெரிந்தும் துக்கம் குறையவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவியிடம், “இனிமே நான் ஓட்டப் போறதில்ல” என்று சொன்னேன். வலி கூடியிருந்த நாள்கூட இல்லை. அவள், “சரிங்க” என்றாள். அப்புறம், “நிஜமாவா?” என்றாள். சொல்லி முடித்ததும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதுகு வெறும் முதுகாகிவிட்டது. அதுவரை காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன், இந்த ஞாயிறு விடுமா விடாதா என்று. விட வேண்டிய ஞாயிறே இல்லை என்று ஆனபிறகு, நடக்கவும் குனியவும் பேத்தியைத் தூக்கவும் போதுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் போதும். இழப்பைவிட நம்பிக்கைதான் என்னை அதிகம் படுத்தியது என்று இப்போது தெரிகிறது. முயற்சியைக் கைவிடாதே என்று எல்லாச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிற ஊரில், ஒன்று முடிந்துவிட்டது என்று சொல்லவும் ஆட்கள் வேண்டும். அந்தச் சாயங்காலத்தையே மறைவு தேதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அது என்ன கிழமை என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை.

வண்டியை வாங்கியது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஓர் இளைஞர். இந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது கியர் வண்டிக்கு இன்றைக்குத் தனி மவுசு. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு ஹேண்டில்பார் மாட்டப்போவதாகச் சொன்னார். என்னவோ செய்யட்டும், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய்ச் சமையல் சொல்ல முடியாது என்று மனைவி அடக்கினாள்.

இழந்து தவிப்போர் வரிசையில் போட வேண்டியவை: மழைக்கோட்டு ஒன்று, ஹெல்மெட் இரண்டு, டேப்பட் சரிசெய்யும் ஸ்பேனர்கள், விடிகாலையில் ‘கிளம்பியாச்சு’ என்று செய்தி வருகிற நண்பர்கள் குழு ஒன்று (வெளியேறவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்), மகளின் வலது கெண்டைக்காலில் சின்ன வயதில் சைலன்சர் சுட்ட தழும்பு. ஏற்காட்டுக்கு இப்போது பஸ்ஸில் போகிறேன். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. கடைசி சீட்டு என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுவேன். வளைவு வந்தால் உடம்பு இன்னும் உள்பக்கம் சாய்கிறது. பஸ்ஸுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நகர்ந்து உட்காருகிறார்.

போன மாதம் அந்த இளைஞர் போன் செய்தார். “அங்கிள், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, நூறு தடவை மிதிச்சுட்டேன்.” முள்ளைப் பார்த்தீங்களா என்றேன். எந்த முள் என்றார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக இறக்கச் சொல்லி, லீவரைப் பிடித்து விடச் சொல்லி, மிதிக்கச் சொன்னேன். மூன்றாவது மிதியில் பிடித்தது. “சூப்பர் அங்கிள்!” நிறுத்தும்போது சென்டர் ஸ்டாண்டை முதுகால் தூக்காதீர்கள் தம்பி, வலது காலை ஸ்டாண்டின் மேல் முழுசாக வைத்து உடம்பு எடையை இறக்குங்கள், வண்டி தானாக ஏறும் என்றேன். “நான் சென்டர் ஸ்டாண்டே போடுறதில்ல அங்கிள், சைடு ஸ்டாண்டுதான்” என்றார். அப்படியென்றால் ராத்திரி பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்பரேட்டர் வழியும் என்று சொன்னேன். மூடுகிறாராம்.